பவர் ஹவுஸ் வாசலில் என் பெயர்

உன் அடக்கத்துக்கு நான் வராததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று ஆம்பூரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. என் முழங்கால்கள் நன்றாக இருக்கின்றன. மாடி வீட்டில் குடியிருக்கிறேன். பால் வாங்க ஒரு தடவை, காய் வாங்க ஒரு தடவை என்று தினமும் இருபத்திரண்டு படிகளை இரண்டு முறை இறங்கி ஏறுகிறேன். இன்னொரு பேச்சும் காதுக்கு வந்தது. உன் வசதியைப் பார்த்து எனக்கு வாழ்நாள் முழுக்கப் பொறாமையாம், அதனால் வரவில்லையாம். அதுவும் தவறு. பொறாமை இருந்திருந்தால் கட்டாயம் வந்திருப்பேன், பெட்டியை மூடுவதைப் பார்க்க.

காரணம் இதுதான். பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் வழியில், தொழிலாளிகள் பார்ப்பதற்காக அரை மணி நேரம் பவர் ஹவுஸ் வாசலில் இறக்கி வைப்பார்கள் என்று உன் மகன் ஆள் அனுப்பிச் சொன்னான். அந்த வாசலில் என் பெயர் எழுதிய பலகை இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழே உன்னைக் கிடத்தி, பக்கத்தில் என்னையும் நிறுத்தி ஊர் பார்ப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை.

நேற்று உன் மகனிடமிருந்து ஒரு உறை வந்தது. உனக்கு நினைவு மலர் போடுகிறானாம். பள்ளித் தோழி என்ற முறையில் நான் ஒரு மடல் எழுதித் தர வேண்டுமாம். "மனதைத் தொடும்படி, இரண்டு பக்கத்துக்கு மிகாமல்." கூடவே அச்சுக்குப் போக இருக்கும் ஒரு படத்தின் நகல். அதில் நீ பட்டுச் சேலையில் குனிந்து, ஒரு பெண்ணின் கூடையில் சாம்பல் போடுகிறாய். உன் தலைக்கு மேலே அந்தப் பலகை, என் பெயர் தெளிவாகத் தெரிகிறது. படத்துக்குக் கீழே "அம்மாவின் அன்புக் கொடை" என்று போட்டிருக்கிறான்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடைக்குள் பார்த்தேன். சாம்பல் சாம்பல் நிறத்தில் இல்லை. பச்சை கலந்த மஞ்சளாக இருந்தது. அது எந்தக் காலத்துச் சாம்பல் என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அந்தப் படம் என் பெயரோடு அச்சேறுவதானால், இந்த மடலும் அதன் பக்கத்தில் அச்சேற வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். மனதைத் தொடுவதற்காக அல்ல.

மலரை வாங்கப் போகிறவர்களில் வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பவர் ஹவுஸ் உன் மாமனார் தோல் தொழிற்சாலைக்காகக் கட்டியது. ஒரே பாய்லர், ஒரே டர்பைன். நீராவி தோல் உலர்த்தப் போகும். மின்சாரம் ஷூ கம்பெனிக்கும் குவார்ட்டர்ஸுக்கும் போகும். முதலில் விறகு எரித்தார்கள். பிறகு நிலக்கரி. அது லாரியில் வந்து, குவார்ட்டர்ஸில் கொடியில் காயும் துணியெல்லாம் கறுத்தது. அப்புறம் எண்ணெய். எண்ணெய் விலை ஏறியதும் நெல் உமி. பிறகு மறுபடி விறகு. இப்போது மரத்தூளை அழுத்திச் செய்த கட்டி. அடுத்து எரிவாயு வரப்போகிறது என்கிறார்கள். புகைபோக்கி மட்டும் அதேதான்.

பாய்லரைப் பார்த்துக்கொண்ட கவுஸ் பாய் உனக்கு நினைவிருப்பார். வாணியம்பாடிக்காரர். அடுப்பின் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன எரிகிறது என்று சொல்வார். "விறகு நம்ம வூட்டு சண்ட மாரி மேடம், படபடன்னு கத்திட்டு அடங்கிடும். எண்ணெ பெரிய எடத்து மருமக. உள்ள எரியிறது வெளிய கேக்கவே கேக்காது." அவர் இதைச் சொன்னபோது நீ எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாய். கவுஸ் பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பள்ளிக்கூடத்திலிருந்தே அறிவேன். கோபத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்கும்போது நீ அப்படித்தான் சிரிப்பாய். அடுத்த மாதம் அவருக்கு வர வேண்டிய ஃபோர்மேன் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

வேலூர் கான்வென்டில் நாம் ஒரே பெஞ்ச். நான் வாத்தியார் வீட்டுப் பெண், உதவித்தொகையில் படித்தவள். நீ காரில் வந்து இறங்குபவள். உன் வேதியியல் ரெக்கார்டு நோட்டு முழுவதும் என் கையெழுத்து. படங்கள் என்னுடையவை, பெயர் உன்னுடையது. பிழை பார்த்துக்கொண்டே இருப்பேன் என்பதால் எனக்கு "டிக்‌ஷனரி" என்று பட்டப்பெயர் வைத்தாய். ஒரு நாள் சிஸ்டர் உன் நோட்டை உயர்த்திக் காட்டி, "இதைப் போல் எழுதக் கற்றுக்கொள்" என்று என்னிடம் சொன்னார்கள். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் உழைப்புக்கு மேல் உன் பெயரை எழுதிப் பழகியவள் நீ. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மாற்றிச் செய்தாய். உன் காரியத்துக்கு மேல் என் பெயரை எழுதினாய்.

கல்யாணமாகி நீ இந்தக் குடும்பத்துக்கு வந்தாய். என் கணவர் டர்பைன் ஆபரேட்டராக இங்கே வந்தார். உன் கணவர் போன பிறகு நிர்வாகம் உன் கைக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு ஆய்வகத்தில் உட்கார வைத்தாய். எரிபொருளில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. ஒழுங்காகச் செய்தேன். அந்த வேலையைக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமானால் இங்கே சொல்லிவிடுகிறேன்: நன்றி. இனி அந்தக் கணக்கு இல்லை.

உமி எரிக்க ஆரம்பித்தபோது சாம்பல் மலை மலையாகக் குவிந்தது. விறகுக் காலத்திலிருந்தே சனிக்கிழமைதோறும் சுற்றுவட்டாரப் பெண்கள் கூடையோடு வந்து பாத்திரம் தேய்க்கச் சாம்பல் எடுத்துப் போவது வழக்கம். உமிச் சாம்பல் நல்லதா என்று சிலர் கேட்டார்கள். நீ என்னைச் சோதிக்கச் சொன்னாய். சோதித்தேன். நல்ல சாம்பல்தான். எழுதிக் கொடுத்தேன். மறு வாரம் வாசலில் பலகை மாட்டினாய். "இங்கு வழங்கப்படும் சாம்பல் பாத்திரம் துலக்க உகந்தது. சோதித்தவர்:" என்று போட்டு, என் பெயர், என் பட்டம். பெயின்டர் பட்டத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியை விட்டுவிட்டான். நான் நின்று வைக்கச் சொன்னேன். அன்று மாலை என் கணவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படித்தார். நான் எழுதிக் கொடுத்தது "இந்த உமியின் சாம்பல்" என்று. பலகையில் இருந்தது "இங்கு வழங்கப்படும் சாம்பல்". புள்ளியைப் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு கோடையில் உமிக்குத் தட்டுப்பாடு வந்தது. தொழிற்சாலைப் பின்புறத்தில் ஷேவிங் தூள் குவிந்து கிடந்தது. குரோமில் பதனிட்ட தோலை ஒரே கனத்துக்குச் சீவும்போது விழும் நீலநிறத் தூள். அதைக் கொட்ட இடமில்லை. "குப்பையும் ஒழியும், அடுப்பும் எரியும்" என்று நீ உமியோடு கலக்கச் சொன்னாய். முதல் வாரமே சாம்பலின் நிறம் மாறியது.

யாரும் புகார் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பித்தளைக் குடத்தை அந்தச் சாம்பலால் தேய்த்தால் புதுசு போல மின்னியது. தண்ணீர் பட்டதும் மஞ்சள் வழிந்தது. மஞ்சள் என்றால் நம் பெண்களுக்கு மங்கலம். வரிசை இரண்டு மடங்கானது.

"மஞ்ச சாம்பல் வந்துச்சாடி? அது இருந்தாதான் எனக்கு வேணும். கறுப்புச் சாம்பல யாருக்குனா குடு."

"இன்னாடி இவ, பவர் ஹவுஸ்ல வந்து பட்டுச் சேல மாரி கலர் கேக்குறா!"

மஞ்சள்தான் வேண்டும் என்று கேட்டவள் குப்பம்மா. வாசலுக்கு எதிர்ச் சந்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். நான்கு வீட்டில் பாத்திரமும் தேய்ப்பாள். எல்லாரையும் விடப் பெரிய கூடை அவளுடையது.

நான் ஒரு கைப்பிடிச் சாம்பலை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் நீரில் கரைத்து வடிகட்டினேன். குரோமியத்தைக் காட்டிக்கொடுக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டதும் ஊதாவாக மாறியது. மறுபடி செய்தேன். மறுபடியும் ஊதா. தோலில் இருக்கும்வரை சாதுவாக இருக்கும் குரோமியம் அடுப்புக்குள் போய் விஷமாக மாறி வந்திருந்தது. தொழிற்சாலைகளில் குரோம் புண் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. விரல் மூட்டில் வட்டமாக, ஆணி அடித்தது போல ஓட்டை விழும். வலிக்காது. அதனால் யாரும் சீக்கிரம் பார்க்க மாட்டார்கள்.

முடிவை எழுதி, கையெழுத்துப் போட்டு, உன் அறைக்கு எடுத்து வந்தேன்.

"வாடி டிக்‌ஷனரி, உக்காரு. இன்னா மூஞ்சி இப்படி இருக்கு?"

"சாம்பல் குடுக்கறத நிறுத்தணும்."

"வரிசையில நிக்கறவங்ககிட்ட போய் நீயே சொல்லேன். அவங்க கேக்கறதே அந்த மஞ்ச சாம்பலத்தான்."

"அதுல குரோம் இருக்கு. தண்ணி பட்டா கரையுது. கைய ஓட்ட போட்டுடும்."

"தோல் ஊர்ல இருந்துக்கிட்டு குரோமுக்கு பயப்படறியா?"

தாளை நீட்டினேன். நீ கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாய். "எழுதி வேற எடுத்துட்டு வந்திருக்கியா? நீ குடுத்தா நான் படிக்கணும். படிச்சா நான் எதுனா செய்யணும். வேணாம்டி." பிறகு மிகவும் அன்பாகக் கேட்டாய்: "உன் வூட்டுக்காரர் எப்படி இருக்காரு? டர்பைன்ல ஒண்ணும் கஷ்டமில்லையே? குவார்ட்டர்ஸ்ல தண்ணி ஒழுங்கா வருதா?"

நீ மிரட்டினாய் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ நலம்தான் விசாரித்தாய்.

வெளியே வந்தேன். கையில் தாள் இருந்தது. பாய்லர் பக்கம் கவுஸ் பாய் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டார். "உடுங்க மேடம். இங்க எல்லாமே எரிபொருள்தான்."

அந்தச் சனிக்கிழமை நான் வாசலுக்குப் போய்க் குப்பம்மாவிடம், "இந்தச் சாம்பல் வேண்டாம், எடுக்காதே" என்றேன். அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பலகையைக் காட்டினாள்.

"மேல உங்க பேர எழுதிட்டு கீழ வேணான்றீங்களே மேடம்! எங்க பாத்திரம் உங்க பாத்திரத்த விட ஜாஸ்தி மின்னுதுன்னு பொறாமையா?"

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பி நடந்தேன்.

பதினோரு மாதம் கழித்து ஷேவிங் தூளை நிறுத்தினாய். யாருடைய கைக்காகவும் இல்லை. தூளின் கசடு பாய்லர்க் குழாய்களில் ஒட்டி, குழாய்கள் அரித்து ஒழுக ஆரம்பித்தன. கைகளில் விழுந்த ஓட்டைகளுக்கு நிற்காத அடுப்பு, குழாயில் விழுந்த ஓட்டைக்கு ஒரே நாளில் நின்றது. சீமைக் கருவேல விறகுக்கு மாறினாய். புது எரிபொருளுக்குப் பூ சாற்றி, லட்டு கொடுத்தாய். நானும் ஒரு லட்டு எடுத்துக்கொண்டேன்.

உன்னைப் பற்றி எழுதுவது சுலபமாக இருக்கிறது. என்னைப் பற்றியும் எழுத வேண்டும். என் கணவரின் வேலைக்காக வாயை மூடினேன் என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அதில் பாதி உண்மை. அவர் ஓய்வு பெற்றார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம், பிறகு அவர் காலமானார். அதற்கப்புறம் உன்னால் என்னை என்ன செய்திருக்க முடியும்? பலகை அங்கேயேதான் இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் மாதா கோவிலுக்குப் போனேன். கவுஸ் பாயிடம் ஒரு டப்பா கறுப்பு பெயின்ட் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. ஏனென்றால் அந்தத் தெருவில் ஒரு வாசலில் பெயர் எழுதியிருந்த ஒரே பெண் நான்தான். என் பெயரை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதியிருந்தது பொய் என்று தெரிந்த பிறகும், நிமிர்ந்து அதைப் படித்துவிட்டுத்தான் போவேன்.

இன்று காலை குப்பம்மா வந்தாள். அவளுடைய மகளும் கூட வந்தாள். மகள் படித்தவள், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். உன் மகனின் ஆட்கள் சந்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம்: மலர் வெளியீட்டு விழாவில் முதல் பிரதியை மேடையில் குப்பம்மாதான் வாங்க வேண்டுமாம். நான் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினேன். கூடையோடு நிற்கும் பெண்ணை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தபடி பார்த்தாள்.

"ஐயே, நான்தான் இது! அந்த பச்ச சேல. ஒடம்பு எப்படி இருந்துது பாருங்க மேடம்."

மகள் படத்தை வாங்கிப் பலகையைப் படித்தாள். உரக்கப் படித்தாள், என் பட்டம் வரை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கு அன்னிக்கு படிக்கத் தெரியாது மேடம். யாரோ படிச்சிக் காட்டி, 'படிச்ச அம்மா எழுதிருக்காங்க, நல்ல சாம்பல்'னு சொன்னாங்களாம். இன்னைக்கும் அதத்தான் சொல்லும்."

குப்பம்மா தன் இரண்டு கைகளையும் என் மேசைமேல் வைத்தாள். நான் கேட்கவில்லை. காட்டுவதற்காக வைத்ததாகவும் தெரியவில்லை, களைத்துப்போய் வைத்தாள். ஐந்து மூட்டுகளில் வட்ட வட்டமாகக் குழி. ஒரு விரல் மடங்காது. என் கைகளும் மேசைமேல்தான் இருந்தன. எனக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு தழும்பு கிடையாது. நான் எப்போதும் கடையில் வாங்கிய சோப்புத் தூள்தான் பயன்படுத்தினேன், உமிச் சாம்பல் காலத்திலும்கூட. நான் நல்லது என்று எழுதிக் கொடுத்த சாம்பலை நானே என் வீட்டுக்குள் ஏற்றியதில்லை. வாசலில் வரிசையில் நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

"எலைமேல ரத்தம் படுதுன்னு பீடி ஏஜென்ட் அனுப்பிட்டான்" என்றாள் குப்பம்மா. "பாத்திர வேலையும் போச்சு. பெரியாஸ்பத்திரில, எதுல கைய வச்சேன்னு கேட்டாங்க. சாம்பல்ல வச்சேன்னேன். சாம்பலுக்கு இப்படி ஆவாதுன்னு சொல்லிட்டாங்க."

"நான் உன்னிடம் எடுக்காதே என்று சொன்னேன்" என்றேன். இந்த வாக்கியத்தை முப்பது வருடம் அவளுக்காகவே தயாராக வைத்திருந்தேன்.

"வேணான்னு சொன்னீங்க மேடம். அது நெனப்பிருக்கு" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஏன்னு சொல்லலியே."

மகள் அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள். போகும்போது குப்பம்மா படத்தில் ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டாள். இளமையில் எடுத்த படம் அவளிடம் வேறு இல்லையாம்.

நீ தாளை வாங்காமல் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாயே, அதை மன்னிக்க முடியாத காரியம் என்று நினைத்து வந்தேன். வாசலில் நின்ற பெண்ணுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், நானோ அவள் கேலிக்குக் கோபித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இன்று காலையும் அதைச் சொல்லவில்லை. நீ போய்விட்டாய், உன் பங்கை எடுத்துக்கொண்டு. என் பங்கு என்னிடம் இருக்கிறது. அதை உன் தலையில் ஏற்றிவிடலாம் என்றுதான் நேற்று இரவு பேனாவைத் திறந்தேன். காலையில் அவள் வந்து போன பிறகு அது நடக்கவில்லை. உனக்குச் சொல்ல இதற்குமேல் ஒன்றும் இல்லை.

இனி வரும் வரிகள் உன் மகனுக்கு.

தம்பி, நீ கேட்ட மடல் இது. இரண்டு பக்கத்துக்கு மேல் போய்விட்டது, குறைக்க மாட்டேன். படம் போடுவதானால் இதையும் ஒரு சொல் வெட்டாமல் அதன் எதிர்ப்பக்கத்தில் போடு. இதைப் போட முடியாது என்றால் படத்தையும் எடுத்துவிடு. படத்தின் கீழே என்ன எழுதுவதானாலும் கூடை பிடித்திருப்பவளின் பெயரை எழுது. அவள் பெயர் குப்பம்மா. மேடையில் அவள் கையில் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்பதை அவளிடமும் அவள் மகளிடமும் உட்கார்ந்து சொல். நானும் வருகிறேன். ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இந்தத் தடவை அதை அவள் கையிலேயே கொடுப்பேன்.

வாசலில் இருக்கும் பலகையை எந்தத் தேதியில் இறக்குகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். உன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, பதில் அனுப்பு.